பதினேழாவது அடி

எனக்குத் தாளம் தெரியும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முல்லைத்தீவுக் கரையில் எங்கள் ஊர்க் கோயிலின் பாடகர் குழுவை இருபத்திரண்டு வருடமாக நடத்துபவன் நான். இடம்பெயர்ந்து திரிந்த நாட்களில் மரத்தின் கீழ் பூசை வைத்தபோதும் நான்தான் பாட்டு எடுத்துக் கொடுத்தேன். பங்குத்தந்தைமார் ஏழு பேர் மாறிப் போய்விட்டார்கள். இந்தத் தோமஸ் மாறவில்லை. கடலால் வந்து, வலை துப்புரவாக்கி, குளித்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு பின்னேரம் ஐந்து மணிக்குப் பாட்டுப் பழக்கத்துக்கு நிற்பேன். யாராவது பிந்தி வந்தால் அவருக்குத் தனியாக ஒரு பூசை என் வாயால் கிடைக்கும்.

மெல்ரொன் என் மகன். வேறு பிள்ளை எங்களுக்கு இல்லை. அவன் செத்துப் பதின்மூன்று மாதம் ஆகிறது. வவுனியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தவன், புளியங்குளத்தில் மைம்மல் பொழுதில் ரோட்டில் படுத்திருந்த மாட்டோடு அடிபட்டான். மாடு எழும்பிப் போய்விட்டது. இருபத்தைந்து வயது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் ஏலாது.

நான் எழுத வந்தது வேறு. மூன்று தவக்காலத்துக்கு முன் நடந்த ஒரு விஷயம். அது சரியா பிழையா என்பதுதான் அவன் போன நாளிலிருந்து என் நெஞ்சில் ஏறிக் குந்தியிருந்தது.

தவக்காலத்தில் எங்கள் கோயிலில் கிற்றார், கீபோட் ஒன்றும் கிடையாது. ஒரு பெரிய ட்ரம் மட்டும் உண்டு. சிலுவைப்பாதையில் சனம் அந்த ட்ரம் அடிக்குத்தான் கால் வைத்து நடக்கும். துணி சுற்றிய தடியால் மெல்ரொன் அதை அடிப்பான். நாங்கள் பாடும் வியாகுலப் பாட்டு ஊரிலேயே கட்டியது. ‘தோளிலே பாரமரம், தூரமோ இன்னும் ஐயா’ என்று தொடங்கும். ஒரு வரிக்கு நாலு நாலாக நாலு தரம், பதினாறு அடி. குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கும் கணக்கு.

அன்று குருத்து ஞாயிறுக்கு முந்திய வெள்ளிக்கிழமை. பழக்கம் நடக்கிறது. முதல் வரி முடிய, அடுத்த வரி நாங்கள் எடுக்கும் முன், மெல்ரொன் ‘டும்’ என்று ஒரு அடி கூட அடித்தான். நான் திரும்பிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலும் அதே ‘டும்’. மூன்றாவதிலும் கேட்டதும் பாட்டை நிற்பாட்டினேன்.

“என்னடா அது?”

“அதில ஒரு அடி இருக்கப்பா.”

“எங்கயடா இருக்கு?”

“இருக்கு. நாங்கள் பாடேக்க இருக்கு. இவ்வளவு நாளும் அடிக்காமல் விட்டனான். விட்டால் எனக்கு அடுத்த வரி பிழைக்குது.”

இருபது பேருக்கு முன்னால் விரலை விட்டு எண்ணிக் காட்டினேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு. பதினாறில் நிறுத்தி, “எங்க உன்ர பதினேழு?” என்று கேட்டேன். குழுவில் ஒருவரும் நிமிரவில்லை. எல்லோரும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் பிள்ளையை நினைத்து அவர்களுக்கே வெட்கமாக இருக்கிறதாக்கும் என்று எண்ணினேன். அந்த நினைப்பில் எனக்கு இன்னும் கோபம் ஏறியது.

“உனக்குத் தாளம் இல்லை. தாளமில்லாதவனுக்கு இந்தக் கோயிலில வேலையும் இல்லை. வெளியில போ!”

அவன் தடியை ட்ரம்மின் மேல் வைத்தான். போய்விட்டான். பழக்கத்தைப் போனில் பதிவது அவனுடைய வழக்கம். ட்ரம்மடியில் வைத்த போனைக்கூட எடுக்காமல் போனான். பிறகு என் மனுசி புனிதமலர்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று வவுனியாவுக்குப் போனவன் நத்தார்ப் பண்டிகைக்கு வந்தான், கோயில் பெருநாளுக்கு வந்தான். தாயோடு கதைப்பான். நான் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால் ‘ஓம்’, அவ்வளவுதான். ட்ரம் பக்கம் போகவில்லை. நானும் கூப்பிடவில்லை. இறங்கிப் போக எனக்குத் தெரியாது, அது என் பிறவிக்குணம்.

அவன் போன பிறகுதான் அந்த ‘டும்’ எனக்குள் கேட்கத் தொடங்கியது. வலை இழுக்கும்போது கேட்கும், சோறு தின்னும்போது கேட்கும். நான் சரி என்றால், பிழை செய்தவனைத் தகப்பன் கண்டித்தான் என்று மனதை ஆற்றலாம். நான் பிழை என்றால்? அதை யோசிக்கப் போய் ஒவ்வொரு தடவையும் பாதியில் திரும்பி வந்துவிடுவேன்.

இந்தத் தவக்காலத்தில் மூன்றாவது கிழமை ஒரு பெட்டை புனிதமலருக்குப் போன் எடுத்தாள். யதுர்ஷிகா என்று பெயர். தாய் தகப்பன் முரசுமோட்டையில் வயல் செய்கிறவர்கள், பாட்டன் காலத்தில் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம். மெல்ரொன் வவுனியாவில் இருந்தபோது அவளும் அவனும் இன்னும் ஒருவனுமாக மூன்று பேர் சேர்ந்து ஒரு இசைக்குழு வைத்திருந்தார்களாம். ‘ஒற்றைப்படை’ என்று பெயராம். மெல்ரொன் செய்துவிட்டுப் போன ஒரு உருப்படியை வருகிற சனிக்கிழமை வவுனியாவில் மேடையில் வாசிக்கப் போகிறார்களாம். அம்மாவும் அப்பாவும் வரவேண்டுமாம்.

“என்ன இசையாம்?” என்று கேட்டேன்.

“மாத் ரொக் எண்டு சொல்லுறாள். கணக்குப் பாத்து அடிக்கிற ரொக்காம்.”

“கணக்கோ? ஓ.எல் சோதினையில கணக்குக்கு வெறும் எஸ் எடுத்துத் தப்பினவன் உன்ர மகன்.”

புனிதமலர் சிரிக்கவில்லை. பதின்மூன்று மாதமாக என் பகிடி எதற்கும் அவள் சிரிப்பதில்லை.

“தவக்காலத்தில என்ன பாட்டுக் கச்சேரி? ஊர் என்ன சொல்லும், பாதர் என்ன சொல்லுவார்?” என்று அடுத்த முட்டுக்கட்டையைப் போட்டேன்.

“நான் போறன். நீங்கள் வாறதெண்டால் வாங்கோ,” என்றாள். குசினிக்குள் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால், எனக்குப் போக ஆசை இருந்தது. அவன் செய்ததைக் கேட்டால் தெரிந்துவிடும் அல்லவா? ஒரு தாளமும் இல்லாத சத்தமாக இருந்தால் நான் சொன்னது சரி. அப்படி இருக்கவேண்டும் என்று செபமாலை உருட்டும்போதும் ஒரு பக்கத்தால் கேட்டுக்கொண்டேன். செத்த பிள்ளை பிழையாக இருக்கவேண்டும் என்று மன்றாடிய தகப்பன் நான். கடவுள் மன்னிக்கட்டும்.

சனிக்கிழமை விடிய பஸ் ஏறினோம். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி தாண்டிப் புளியங்குளம் சந்தியில் பஸ் நின்றது. புனிதமலர் சிலுவை போட்டுக்கொண்டு யன்னலால் பார்த்தாள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன். மற்றப் பக்கத்தில் ஒரு ரீக்கடை இருந்தது, அதில் இரண்டு பேர் பேப்பர் பார்த்தார்கள். அந்த இரண்டு பேரின் முகமும் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வவுனியா இப்போது மாநகர சபை ஆகிவிட்டது. மாநகரம் என்றால் இப்படியான கூத்துகளும் வரத்தானே வேண்டும். ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி. நாலு மணிக்கே தொடங்குவதாகச் சொன்னார்கள், தொடங்கவில்லை. அதற்கே எனக்குப் பாதி வெறுத்துவிட்டது. பிளாஸ்ரிக் கதிரைகளில் எண்பது பேர் வரை இருந்தார்கள், எல்லாம் இளசுகள். வெள்ளைச் சேட்டில் நானும், கறுப்புக் கரைச் சீலையில் புனிதமலரும் பிணவீட்டுக்கு வந்தவர்கள்போல முன்வரிசையில் இருந்தோம். யதுர்ஷிகா ஓடி வந்து புனிதமலரின் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன உருவம். கண் கலங்கியிருந்தது.

“வந்ததே பெரிய காரியம் அன்ரி. அங்கிள், நீங்களும் வந்திட்டியள். மெல்ரொன்ர கடைசியாத்தான் வரும். இருந்து கேளுங்கோ.”

மேடையில் மூன்று பேர். யதுர்ஷிகாவிடம் கிற்றார். சாருஜன் என்ற ஒல்லிப் பெடியனிடம் தடித்த நரம்பு போட்ட இன்னொரு கிற்றார். மெல்ரொன் இருக்கவேண்டிய இடத்தில், ட்ரம்முக்குப் பின்னால், கிருசாந்தன் என்று ஒருவன். அவன் ஒரு காதில் மட்டும் வயர் மாட்டியிருந்தான். மேடையில் ஏறியும் கிரிக்கெட் கேட்கிறானாக்கும் என்று மனதுக்குள் திட்டினேன்.

தொடங்கினார்கள். என்னத்தைச் சொல்ல. பாட்டுக்காரர் இல்லை, சொல் இல்லை. ஒரு கிற்றார் ஒரு பக்கம் ஓட மற்றது வேறு பக்கம் ஓடியது. காலால் தாளம் போடப் பார்த்தேன். நாலு என்று பிடித்தால் மூன்றில் நின்றது. மூன்று என்று பிடித்தால் ஐந்துக்குப் போனது. திடீரென எல்லாம் நிற்க, முடிந்தது என்று நான் கைதட்டினேன். முடியவில்லை. என் தட்டு மட்டும் மண்டபத்தில் தனியாக விழ, அடுத்த நொடி அவர்கள் மூன்று பேரும் ஒன்றாகப் பாய்ந்து தொடங்கினார்கள். பின்னுக்கு இரண்டு பெடியள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இருபத்திரண்டு வருடம் பாட்டு நடத்தியவனுக்கு எங்கே முடிகிறது என்று தெரியவில்லை.

ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். அவர்கள் நின்றபோது மூன்று பேரும் ஒன்றாக நின்றார்கள், தொடங்கியபோது ஒன்றாகத் தொடங்கினார்கள். தாளம் இல்லாதவர்களால் அது முடியாது. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்ததும், எழும்பிப் போவோமா என்று புனிதமலரைப் பார்த்தேன். அவள் அசையவில்லை.

நாலைந்து உருப்படி போனது. பிறகு யதுர்ஷிகா ஒலிவாங்கிக்குக் கிட்ட வந்தாள்.

“கடைசி இது. மெல்ரொன் எழுதினது. இதை நாங்கள் பழக ஏழு மாசம் எடுத்தது. அவனுக்கு மட்டும் இது லேசு. சின்னனில இருந்து கேட்டதாம்.”

அவ்வளவுதான் சொன்னாள். மெதுவாக ஒற்றை நரம்பைத் தட்டினாள். மற்ற இருவரும் சும்மா இருந்தார்கள். மண்டபம் அமைதியாகியது. நான் விரலைத் தொடையில் வைத்தேன். இதை எண்ணிவிட்டுப் போகிறேன் என்று முடிவு செய்தேன்.

நாலு. நாலு. நாலு. நாலு. பதினாறு. பிறகு ஒன்று.

திரும்ப எண்ணினேன். பதினாறு. பிறகு ஒன்று. அந்த ஒன்றில் கிருசாந்தன் பெரிய ட்ரம்மில் காலால் மெல்ல ‘டும்’ என்று வைத்தான்.

அதே ‘டும்’. என் மகன் செத்தும் பிழையை விடவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கும் பிழையைப் பழக்கிவிட்டுப் போயிருக்கிறான், ஏழு மாதம் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் விசரர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று புனிதமலரின் பக்கம் திரும்பினேன்.

அவள் பாடிக்கொண்டிருந்தாள்.

வாய்க்குள்தான். கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சரித்து. ‘தோளிலே பாரமரம், தூரமோ இன்னும் ஐயா.’ அந்த மெட்டு கிற்றாரில் இல்லை. கிற்றார் வேறு எதையோ வாசித்தது. ஆனால் அவள் பாடிய வரி அதன்மேல் அச்சொட்டாகப் பொருந்தியது. வரி முடிய அவள் நின்றாள். ‘டும்’ விழுந்தது. அடுத்த வரியை எடுத்தாள். நின்றாள். ‘டும்’. ஒரு இடத்திலும் அவள் முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை.

“என்ன செய்யிறாய் மலர்?” என்றேன்.

“பாடுறன்.”

“உது பிழை. பதினேழு வருகுது. எங்கட பாட்டு பதினாறு.”

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். கோபம் இருக்கவில்லை. கோபமாக இருந்திருந்தால் நல்லது.

“அது நீங்கள் மூச்செடுக்கிற இடம்,” என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன்.

என் நெஞ்சுக்குள் ஒரு சின்ன இரும்புத் துண்டு இருக்கிறது. இரண்டாயிரத்து ஒன்பதில் ஷெல்லடியில் உள்ளே போனது. எடுக்கப் போனால் ஆபத்து, இருந்தால் இருக்கட்டும் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். எனக்கு அதனால் ஒரு கரைச்சலும் இல்லை என்று எல்லோருக்கும் சொல்வேன். வலை இழுக்கிறேன், பாடுகிறேன், என்ன குறை?

“முகாமால வந்து முதல் முதல் பாடின நாள் ஞாபகமிருக்கோ?” புனிதமலர் என் காதோடு சொன்னாள். “கோயிலுக்குக் கூரையும் இல்லை. ஒரு வரி முடிய நீங்கள் நிண்டிட்டியள். மூச்சு வரேல்லை. நாங்களும் நிண்டம். உங்களை விட்டிட்டு எப்பிடிப் பாடுறது? பிறகு அது அப்பிடியே பழகிப்போச்சு. பதினாறு வருசமா ஊரே நிண்டுதான் பாடுது.”

“ஏன் எனக்கு ஒருதரும் சொல்லேல்லை?”

“ஆர் உங்களுக்குச் சொல்லுறது?”

ஒரு நொடியில் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பெருநாளுக்கு மன்னாரிலிருந்து கீபோட் வாசிக்க வந்த பெடியன் ஒவ்வொரு வரிக்கும் எங்களுக்கு முன்னே ஓடினான். “தோமஸண்ணை, உங்கட கோயில் பாட்டு ஒரு மாதிரி,” என்றான். அவனுக்கும் ஏச்சுக் கொடுத்து அனுப்பினேன். பிள்ளைகள் கீபோட்டில் தாள மெசினைப் போட்டார்கள். ஒத்துவரவில்லை. மெசினுக்குப் பக்தி இல்லை என்று சொல்லி நிற்பாட்டினேன். சிலுவைப்பாதையில் வரி முடிய முழுச் சனமும் ஒரு கணம் கால் வைக்காமல் நிற்கும். பக்தி என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். நான் எண்ணும்போது விரலால் எண்ணினேன், பாடி எண்ணவில்லை. விரல் மூச்செடுக்காது.

அன்று இருபது பேரும் நிலத்தைப் பார்த்தது அவனுக்காக வெட்கப்பட்டு அல்ல. என்னைப் பார்க்க முடியாமல்.

என் குழுவில் ஒருவனுக்குத்தான் தாளம் முழுதாகத் தெரிந்திருந்தது. என் மூச்சையும் சேர்த்து எண்ணியவன் அவன் ஒருவன். அவனைத்தான் நான் வெளியே போகச் சொன்னேன்.

மேடையில் இப்போது மூன்று பேரும் சேர்ந்து வாசித்தார்கள். கிற்றார்கள் பெருத்துக்கொண்டு வந்தன, கிருசாந்தன் இரண்டு கையாலும் அடித்தான், கதிரையின் காலும் அதிர்ந்தது. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் அந்தப் பதினேழாவது தன் இடத்தில் விழுந்துகொண்டே இருந்தது. எண்ணவேண்டிய தேவை எனக்கு இல்லாமல் போனது. வரி முடிந்ததும் என் நெஞ்சு தானாக எழும்பும். எழும்ப, ‘டும்’.

திடீரென்று எல்லாம் நின்றது. முடிந்துவிட்டது என்று மண்டபம் எழும்பிக் கைதட்டியது. விசில் அடித்தார்கள். நான் தட்டவில்லை. முடியவில்லை என்று எனக்குத் தெரியும். நான் மூச்சை இழுத்தேன். இழுத்து முடிய மூவரும் ஒன்றாக விழுந்தார்கள். கைதட்டியவர்கள் வெட்கப்பட்டு இருந்தார்கள். அந்த மண்டபத்தில் பிழை விடாதவர்கள் நானும் புனிதமலரும்தான். என் வாழ்க்கையில் வேண்டாம் என்று நான் நினைத்த ஒரே சரி அது.

முடிந்ததும் சனம் கலைந்தது. வெளியே இன்னும் வெயில் இருந்தது. யதுர்ஷிகா புனிதமலரைக் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு நின்றாள். நான் மேடையடிக்குப் போனேன். கிருசாந்தன் வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன கேட்க வந்தேன் என்று தெரியாமல், வாயில் வந்ததைக் கேட்டேன்.

“தம்பி, காதில என்ன கேக்கிறனீர்?”

அவன் கொஞ்சம் தடுமாறினான். “இந்த உருப்படிக்கு மட்டும் அங்கிள்... மெல்ரொன்ர பழைய றெக்கோட் ஒண்டு. அதைக் கேட்டுக்கொண்டுதான் அடிக்கிறனான். இல்லாட்டி எனக்குப் பிடிபடாது.”

“என்ன றெக்கோட்?”

“உங்கட கோயில் பழக்கம். நீங்கள் பாடுறது.”

கையை நீட்டினேன். அவன் தயங்கினான். பிறகு போனை எடுத்து வயரைத் தந்தான். காதில் வைத்தேன்.

முதலில் என் செருமல். பிறகு என் குரல், பாட்டை எடுத்துக் கொடுக்கிறது. பின்னால் குழு. ட்ரம் பதினாறு அடி. வரி முடிய, சீலை கிழிகிறாற்போல் ஒரு சத்தம் கேட்டது. என்ன அது என்று முதலில் தெரியவில்லை. அது நான். என் மூச்சு வெளியிலிருந்து கேட்டால் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. அந்தச் சத்தத்துக்குள் ‘டும்’. மூச்சு முடியும் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

மூன்றாவது வரி முடிந்தது. கிருசாந்தன் சட்டென்று கையை நீட்டினான்.

“காணும் அங்கிள், தாங்கோ. அதுக்குப் பிறகு ஒண்டுமில்லை. நாங்கள் அதுவரைக்கும்தான் திருப்பித் திருப்பிப் போடுறனாங்கள்.”

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

‘என்னடா அது?’ நான் இவ்வளவு கத்துவேனா? ‘அதில ஒரு அடி இருக்கப்பா.’ பதின்மூன்று மாதத்துக்குப் பிறகு அவன் குரல். பயந்த குரல் இல்லை. சந்தோசமான குரல். கண்டுபிடித்ததைச் சொல்ல வந்தவனின் குரல். அன்று எனக்கு அது வாய்க்கொழுப்பாகக் கேட்டது. நான் எண்ணுகிறேன். ஒண்டு, ரெண்டு. நான் கத்துகிறேன். வெளியில போ. தடியை வைக்கிற சத்தம். செருப்புச் சத்தம் தூரமாகிப் போகிறது. கதவை யாரோ இழுத்து மூடுகிறார்கள். யார்? நான்தான். நானே போய் மூடினேன். அதை மறந்திருந்தேன்.

‘முதல்ல இருந்து,’ என்கிறேன்.

ட்ரம் இல்லாமல் பாடுகிறோம். வரி முடிகிறது. மூச்சு கிழிகிறது. குழு காத்து நிற்கிறது. அந்த இடத்தில், தூரத்தில், மரத்தில் விரல் முட்டியால் தட்டினாற்போல் ஒரு தட்டு.

போனைக் காதோடு அமத்தினேன்.

அடுத்த வரி. மூச்சு. தட்டு. அடுத்த வரி. தட்டு. அவன் போகவில்லை. மூடிய கதவுக்கு வெளியே நின்று, பாட்டின் பன்னிரண்டு வரிக்கும் என் மூச்சுக்கு அடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். ஒரு வரியைக்கூட விடவில்லை. உள்ளே பாடிக்கொண்டிருந்த எனக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லை.

நான் மேடை விளிம்பில் இருந்துவிட்டேன். புனிதமலர் வந்து என் தோளைப் பிடித்தாள். என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

“என்னப்பா? என்ன அதில?”

“மெல்ரொன்,” என்றேன். “கதவில தட்டிக்கொண்டு நிக்கிறான், மலர். நான் திறக்கேல்லை.”